மண்புழுவைத் துப்பும் ஆக்ஸலாட்டில்

கேள்வி: வீட்டுத் தொட்டியில் ஆக்ஸலாட்டில் என்ற நீர்வாழ் சாலமாண்டர் ஒன்று வளர்க்கிறேன். ஒரு சாண் நீளம் இருக்கும். இதுவரை பெல்லட்தான் தீனி. உயிருள்ள புழு நல்லது என்றார்கள் என்பதால், மண்புழு உரம் தயாரிப்பவரிடம் கொஞ்சம் வாங்கிவந்து போட்டேன். லபக்கென்று கவ்வுகிறது, உடனே தலையை உதறித் துப்பிவிடுகிறது. வாயில் புண் இருக்குமோ? டியூபிஃபெக்ஸுக்கு மாற்றிவிடலாமா?
– வாசகர், கோவை

பதில்: பெல்லட்டைத் தகராறு இல்லாமல் தின்கிறது என்றால் வாயில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. முதலில் புழுவைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நம்மூர் உரக்குழிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட ரக மண்புழுக்கள் உண்டு. வாங்கிவந்ததில் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். சிவந்த உடலில் வெளிறிய வளையங்கள் மாறிமாறி ஓடி, லேசாக அழுத்தினால் மஞ்சள் நீர் கசிந்து நாற்றமடித்தால் அது ஐசீனியா ஃபெட்டிடா. அந்த நீர்தான் அதன் தற்காப்பு. பல ஆக்ஸலாட்டில்கள் அதை வாயில் வைத்ததுமே துப்பிவிடும். வளையமில்லாமல், ஊதா கலந்த பழுப்பில், தடித்து நீண்டிருந்தால் அது யூட்ரிலஸ் என்ற ஆப்பிரிக்க மண்புழு. அதையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது அளவு. ஆக்ஸலாட்டிலுக்குப் பற்கள் உண்டு என்றாலும் அவை இரையைப் பிடித்துக்கொள்ள மட்டுமே. மென்று தின்னத் தெரியாது. வாயைச் சட்டென்று திறக்கும்போது தண்ணீரோடு இரையும் உள்ளே இழுபட்டு, முழுசாக வயிற்றுக்குப் போகும். எனவே, புழுவின் தடிமன் இரு கண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தாண்டக் கூடாது. நீளமான புழுவைத் துண்டாக நறுக்கிப் போடலாம். தொட்டியின் அடியில் கூழாங்கல் இருந்தால் எடுத்துவிடுங்கள். இரையோடு கல்லும் உள்ளே போய்க் குடலை அடைத்துவிடும்.

உயிருள்ள புழுவை ஏன் விரும்புகிறது? அதற்குக் கண்பார்வை மந்தம். மோப்பத்தாலும் நீரின் அசைவாலும்தான் இரையைக் கண்டுபிடிக்கிறது. பிளாஸ்டிக் இடுக்கியில் பிடித்து மூக்கருகே நெளியவிட்டால் போதும். பூச்சிமருந்து அடித்த தோட்டத்துப் புழு கூடவே கூடாது. வாங்கிய புழுவையும் ஒருநாள் ஈரத் தென்னை நார்க்கழிவில் விட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரில் அலசிய பிறகே கொடுங்கள்.

டியூபிஃபெக்ஸ் வேண்டாம். சாக்கடைச் சேற்றில் செழிக்கும் புழு அது. நோய்க்கிருமிகளையும் தொட்டிக்குக் கொண்டுவந்துவிடும். உறைந்த நிலையில் கிடைக்கும் பிளட்வார்ம் உண்மையில் புழுவே அல்ல, ஒருவகைப் பூச்சியின் இளம்பருவம். குட்டிகளுக்குச் சரி, வளர்ந்ததற்கு அது வெறும் கொறிதீனி.

வளர்ந்த ஆக்ஸலாட்டிலுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தீனி போதும்; குட்டிக்குத் தினமும் வேண்டும். வயிற்றின் அகலம் தலையின் அகலத்துக்குச் சமமாக இருந்தால் அளவு சரி. தின்னாமல் விட்ட புழுவை உடனே எடுத்துவிடுங்கள். செத்து அழுகினால் தண்ணீரில் அம்மோனியா ஏறும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் செவுள்கள்தான் முதலில் பாதிக்கப்படும்.

நல்ல ரகம், சரியான அளவு, அப்படியும் துப்புகிறதா? வெப்பமானியைப் பாருங்கள். ஆக்ஸலாட்டிலின் பூர்வீகம் மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ கால்வாய்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர், அதாவது நம் ஊட்டியின் உயரம். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான் அதற்கு உகந்த குளிர்ச்சி. 24-ஐத் தாண்டினால் தீனியை மறுக்கும், தின்றதைக் கக்கவும் செய்யும். கோவை வெயிலில் மின்விசிறி மட்டும் போதாது, சில்லர் தேவைப்படும்.

தண்ணீர் குளிர்ந்த பிறகும் எதையும் தொடாமல் மெலிந்தாலோ, வயிறு உப்பிக் கழிவு வெளியேறாமல் இருந்தாலோ, நீர்வாழ் உயிரினங்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை மருந்து எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள்.