குப்பியில் கைமாறும் மாத்திரை

பரீட்சை நெருங்கினால் பேராதனை ஹொஸ்டல்களில் விளக்கு அணையாது. கூடிப் படிக்கும் குப்பி நள்ளிரவு தாண்டியும் நீளும். பிளேன்டீக்கும் கண் திறக்காதபோது யாராவது ஒரு மாத்திரைக் கார்டை நீட்டலாம். பேராதனையில் மட்டும் நடப்பதல்ல. எந்தக் கம்பஸிலும் உண்டு.

விழித்திருக்கப் போடும் மெதில்பெனிடேட், ஏ.டி.எச்.டி. என்னும் கவனக் குறைபாடு உள்ளவர்களுக்கான மருந்து. மற்றவர்களுக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும். நிறையப் படித்துவிட்டோம் என்ற நினைப்பையும் தரும். படித்தது மனதில் பதிவதோ தூக்கத்தில்தான்.

பதற்றத்துக்குப் போடும் அல்பிரசோலம், குளோனசெபம் அதைவிட மோசம். புதிதாகப் படிப்பதைச் சரியாகப் பதிய விடாது. குளோனசெபம் உடலில் பாதியாகக் குறைய 30 முதல் 40 மணித்தியாலம் பிடிக்கும். இரவு போட்டது மறுநாள் பரீட்சை மண்டபத்துக்கும் கூடவே வரும்.

இந்தப் பதற்ற மாத்திரைகளைச் சில கிழமைகளாகத் தினமும் போட்டு வருகிறீர்களா? இதை வாசித்த வேகத்தில் இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அது வைத்தியர் கையில். பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்துக்கோ பேராதனைப் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ போங்கள். மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது போட்டது: இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சிங்களம் தடுமாறினால் தெரிந்த பச்மேட் ஒருவரைக் கூட்டிப் போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

டிரமடோல், பிரிகபலின் போன்றவையும் போதைக்காகக் கைமாறுகின்றன. சாராயத்தோடோ தூக்க மாத்திரையோடோ சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். கூட்டாளி தட்டியும் எழும்பவில்லை, குறட்டை விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் ‘வெறி, தூங்கட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள். முதலில் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். வெற்றுக் கார்டையும் கையோடு கொண்டு போங்கள். வார்டனுக்குப் பயந்து வைத்தியரிடம் பொய் சொன்னால் சிகிச்சைதான் பிழைக்கும்.

வைத்தியர் பரிசோதித்து உங்களுக்கென்று எழுதித் தந்த மருந்தென்றால், சொன்ன அளவில் தொடர்ந்து எடுங்கள். ஆனால் கார்டை மேசையில் போட்டு வைக்காமல் அலுமாரியில் பூட்டுங்கள். ஸ்டடி லீவ் தொடங்கியதும் “ஒன்றே ஒன்று தா மச்சான்” என்று கேட்டு வருவார்கள்.