மாத்திரை கொடுத்தும் போகாத கீரிப்பூச்சி

கேள்வி: என் 5 வயது மகள் இரவில் ஆசனவாய் அரிப்பால் தூங்காமல் அழுகிறாள். பூச்சி மாத்திரை கொடுத்தால் அடங்குகிறது. ஒரே மாதத்தில் திரும்ப வந்துவிடுகிறது. இனிப்பை நிறுத்தியும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பாவம், குழந்தைக்கு மிட்டாயை மறுக்காதீர்கள்.

பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் புழுவைக் கொல்லும். முட்டையை ஒழிக்கும் என்று நம்ப முடியாது. குழந்தை தூங்கியதும் பெண் புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அரிப்பு அதனால்தான். சொறியும்போது நகக்கண்ணில் ஒட்டும் முட்டை சில மணி நேரத்திலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். அந்த விரல் வாய்க்குப் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். உள்ளாடை, படுக்கை விரிப்பில் 2, 3 வாரம்கூட முட்டை உயிரோடு இருக்கும்.

ஆகவே 2 வாரம் கழித்து இன்னொரு வேளை மருந்து கட்டாயம். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும், அரிப்பே இல்லாத அப்பாவும் தாத்தாவும் உட்பட. பல வீடுகளில் கோட்டை விடுவது இங்கேதான். கர்ப்பிணிகளுக்கும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் தரும் ஒற்றை மாத்திரை இதற்குப் போதாது.

காலையில் எழுந்ததும் குளிப்பாட்டி, உள்ளாடையை மாற்றுங்கள். இரவில் இட்ட முட்டைகள் அதோடு போகும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மருந்து கொடுத்த மறுநாள் விரிப்பை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவையுங்கள்.

அப்படியும் தீராவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். மலப் பரிசோதனையில் இது பெரும்பாலும் தெரியாது. காலையில் கழுவுமுன் செல்லோடேப்பை ஆசனவாயில் ஒட்டியெடுத்துப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள்.