கம்பியைக் கழற்றினால் கோளாறு தீருமா?

பன்னிரண்டு வோல்ற் பற்றரியின் கம்பியைக் கழற்றிச் சற்று நேரம் பொறுத்து மீண்டும் பூட்டினால் ஹைபிரிட் காரின் முகப்பில் எரிகின்ற சிவப்பு முக்கோணம் அணைந்துவிடும் என்றும், அது அணைந்துவிட்டபடியால் கோளாறும் தீர்ந்துவிட்டது என்றும் இலங்கையின் கராஜ் வாசல்களிலெல்லாம் ஒரு பேச்சு நிலைபெற்றுவிட்டது. இதில் முதற்பாதி சிற்சில கார்களில் உண்மை. பிற்பாதி முழுப் பொய். அந்த உண்மைப் பாதியே பொய்ப் பாதிக்குப் பிணை நிற்பதனால்தான், படித்தவர்களும் இதனை அனுபவசித்தமான வைத்தியமென்று நம்பி அடுத்தவருக்கும் உபதேசிக்கின்றனர்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கையிலிருந்த பழைய பிரியஸையும் அக்வாவையும் எப்படியாவது ஓடச் செய்யவேண்டிய நிர்ப்பந்தத்தில் சொந்தக்காரர்கள் தாமே ஸ்பானரை எடுத்ததை நான் குறைகூறவில்லை. வேலையை முடித்தபின் விளக்கு எரிந்தால், அது என்ன சொல்கிறதென்று கேளாமலே அதன் வாயை அடைக்க முற்படுகிறார்களே, அதைத்தான் என்னாற் பொறுக்க முடியவில்லை.

விளக்கு அணைந்து இரண்டொரு நாள் எரியாமலிருப்பதன் காரணம் என்ன? காரின் கணினி பல கோளாறுகளை முதல் ஓட்டத்தில் மனத்துக்குள் குறித்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறைக் கண்டால் மாத்திரமே விளக்கேற்றும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. கம்பியைக் கழற்றியதால் அதன் நினைவு அழிந்ததும் அந்தக் கணக்கு ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறது, அவ்வளவுதான். மேலும், இரண்டாம் மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பெரிய பற்றரியிலுள்ள 28 மொடியூல்களையும், ஒவ்வொன்றும் 7.2 வோல்ற், ஆக 201.6 வோல்ற் என்ற கணக்கில் தொடுத்திருக்கிறார்கள்; அவற்றை 14 சோடிகளாகவே கணினி அளந்து பார்க்கிறது. நலிந்த சோடி பாரம் ஏறும்போதுதான் மற்றவற்றை விடச் சரிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். யாழ்ப்பாணத்துச் சமதரையில் மெதுவாக ஓட்டிப் பார்த்து "சுகமாகிவிட்டது" என்று மகிழ்ந்தவர், கடுகண்ணாவை ஏற்றத்தில் குடும்பத்தோடு நிற்க நேர்கிறது.

இதனினும் பெரிய நஷ்டம் வேறு. கோளாறு தோன்றிய கணத்தில் கார் எந்த வேகத்தில் ஓடியது, வெப்பம் எவ்வளவு, மின்னோட்டம் எவ்வளவு என்பன போன்ற விவரங்களை எல்லாம் கணினி பதிந்து வைத்திருக்கும். பிழையிலக்கங்களை அழிக்கும்போது அந்தப் பதிவும் கூடவே அழிந்துவிடுகிறது. நோயாளியின் குறிப்பேட்டைக் கிழித்தெறிந்துவிட்டு வைத்தியரிடம் அழைத்துச் செல்வது போன்ற காரியம் இது. ஆகையால் முதலில் இலக்கங்களைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள், கழற்றுவதெல்லாம் பிறகு. மலிவான சிறு கருவிகள் பல, எஞ்சின் பகுதியை மட்டும் படித்துவிட்டு ஹைபிரிட் பகுதியை எட்டிப் பாராமலே "குறையொன்றுமில்லை" என்று காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஏசிக்கு வாயு நிரப்பும்போது சாதாரணக் கார்களுக்குரிய எண்ணெயை அதனுடன் சேர்த்துவிடுகிறார்கள். ஹைபிரிட்டின் கொம்பிரசரோ உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. அதன் மின்சுருள்கள் அந்த எண்ணெயிலேயே நனைந்திருப்பதால், மின்காப்புக்கென்றே தயாரித்த எஸ்டர் எண்ணெய் மாத்திரமே அதற்கு ஏற்றது. தவறான எண்ணெய் கலந்தால் காப்புக் குறைந்து பி0ஏஏ6 என்னும் மின்கசிவு இலக்கம் தோன்றும். டொயோட்டா கார்களில் அதனோடு ஓர் உபஇலக்கமும் இருக்கும்: 611 என்றால் ஏசிப் பகுதி, 612 என்றால் பற்றரிப் பகுதி. அந்த மூன்று எண்களைப் பாராமல் அழித்துவிட்டு, குற்றமற்ற பற்றரியை மாற்றப் பெருந்தொகை செலவிடுவது எவ்வளவு அநியாயம்!

இன்னொன்று. பற்றரியைத் திறப்பதற்காக, அதன் மின்சுற்றைத் துண்டிக்கும் செம்மஞ்சள் நிறச் சேவைப் பிளக்கை உருவியவர், திரும்பச் செருகும்போது உள்ளே தள்ளி, கைப்பிடியை மேலே மடித்து விட்டுவிடுகிறார்; அதைக் கீழ்நோக்கி நகர்த்திப் பூட்டும் மூன்றாவது அசைவை இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் மறப்பவர் பலர். மறந்தால், கார் ஓடத் தயாரென்று காட்டும் 'ரெடி' விளக்கு வரவே வராது. பற்றரிக் கம்பியை நூறு தடவை கழற்றினாலும் வராது.

சிவப்பு முக்கோணம் என்றாலே பெரிய பற்றரி செத்துவிட்டது என்பது தவறு. அது பொது அறிவிப்பு, எதைப் பற்றியும் இருக்கலாம். சிறிய பற்றரி நலிந்தாலே பல விளக்குகள் ஒன்றாக எரியும்; அதை மீற்றரால் அளக்க ஒரு நிமிஷம் போதும். ஒரே ஒரு மொடியூலை மாற்றினால் போதுமென்பதும் பெரும்பாலும் வீண் நம்பிக்கை: மற்றவையும் அதே வயதினவே. மழையில் ஓட்டினால் மின்சாரம் தாக்கும் என்பது ஆதாரமற்ற பயம். உயர் மின்னழுத்தச் சுற்றின் இரு முனைகளும் காரின் உடலிலிருந்து பிரித்தே வைக்கப்பட்டுள்ளன.

பயப்படவேண்டிய இடம் வேறு. பிளக்கை உருவிய பின்னும் இன்வேர்ட்டரின் கொள்ளளவிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும்; பத்து நிமிடமேனும் காத்திருந்து, 1000 வோல்ற் தாங்கும் கையுறை அணிந்து, மீற்றரால் அளந்து சூனியமென்று கண்ட பின்னரே உயர் மின்னழுத்தச் சுற்றின் செம்மஞ்சள் வயரைத் தொடவேண்டும். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தையிலிருந்து வந்த இந்தக் கார்களில், எச்சரிக்கை ஒட்டுகளும் கையேடும் திரையில் தோன்றும் செய்திகளுங்கூட ஜப்பானிய மொழியிலேயே இருக்கின்றன. இலட்சக்கணக்கில் விலை பெற்று விற்கும் இறக்குமதியாளர், ஒவ்வொரு காரோடும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சிறு ஏட்டையேனும் கொடுக்கும்படி சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்; அதன் முதற்பக்கத்தில் சேவைப் பிளக்கின் மூன்று அசைவுகளும் அந்தப் பத்து நிமிடக் காத்திருப்பும் படத்தோடு இருத்தல் வேண்டும்.