ஜாவா பழைய மொழியா?

உயர்தரத்தில் ஐ.சி.டி. பாடத்துக்கு நாங்கள் பைதன் மொழி படிக்கிறோம். சாதாரண தரத்தில் படித்தது பஸ்கால். ஆனால் பல்கலைக்கழகம் போனவர்கள் வீட்டுக்கு வந்தால் அடிக்கடி காதில் விழும் பெயர் ஜாவா. "அது கிழட்டு மொழி" என்பார் ஒருவர். "அது தெரியாமல் கொழும்பில் வேலை தேட முடியுமா?" என்பார் இன்னொருவர். பரீட்சை முடிந்ததும் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை வரிசைப்படுத்த வேண்டிய எங்களுக்கு இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. என் வாப்பா இன்னும் நேராகவே கேட்டார்: "நாலு வருஷம் படிச்சு முடியிற நேரம் அது செல்லாத காசாகிப் போனா?"

அந்தக் கேள்வியை, கொழும்பில் ஆறு வருடமாக ஜாவாவில் நிரல் எழுதும் என் சாச்சியின் மகளிடம் கொண்டுபோனேன். ராத்தா சொன்னவற்றையும் அதன்பின் தேடி வாசித்தவற்றையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஜாவா என்பது இந்தோனேசியத் தீவு. பழந்தமிழில் அதன் பெயர் சாவகம். மணிமேகலையில் அந்நாடு வருகிறது. கொழும்பு கொம்பனித் தெருவில் ஜாவா லேன் என்றே ஒரு வீதி உண்டு. கணினி மொழிக்கு இந்தப் பெயர் வந்தது அத்தீவின் கோப்பியால். அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் குழுவினர் 1991இல் இதைத் தொடங்கியபோது, அலுவலகத்துக்கு வெளியே நின்ற மரத்தின் பெயரால் 'ஓக்' என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் வேறொருவருக்குச் சொந்தமாக இருந்ததால் 1995இல் ஜாவா ஆனது. (மாத்தளை மலைகளிலும் தேயிலைக்கு முன் கோப்பிதான் நின்றது. 1869இல் காணப்பட்ட இலைத்துரு நோய் வராதிருந்தால், நம் ஊர்ப் பெயரில் ஒரு மொழி இருந்திருக்குமோ என்னவோ!)

ஜாவாவின் அடிப்படை யோசனை எளிது. அதன் தொகுப்பான் நம் நிரலை ஒரு குறிப்பிட்ட கணினியின் பொறி மொழிக்கு மாற்றுவதில்லை. பைட்கோட் என்னும் இடைமொழிக்கு மாற்றுகிறது. விண்டோஸ், லினக்ஸ் என எந்தப் பணிசெயல் முறைமையானாலும், அதற்கென எழுதப்பட்ட ஜாவா மெய்நிகர் பொறி அந்த இடைமொழியை வாசித்து இயக்கும். ஒரு தடவை எழுதினால் போதும்.

இனி முறைப்பாடுகளுக்கு வருவோம். எல்லோரும் முதலில் சொல்வது எழுத வேண்டிய நீளத்தை. பைதனில் ஒரு வணக்கத்தைத் திரையில் காட்ட ஒரே வரி. ஜாவாவில் ஒரு வகுப்பைத் திறந்து, 'பப்ளிக் ஸ்டேட்டிக் வொய்ட் மெயின்' என்று தொடங்கும் வரியை எழுதி, அதற்குள்தான் அந்த வணக்கம். முதல் நாள் மாணவிக்கு இதில் ஒரு சொல்லும் விளங்காது. முப்பது வருடம் கழித்து, 2025இல் வந்த ஜாவா 25 பதிப்பில், தொடங்குநர்கள் அந்த நீண்ட வரி இல்லாமல் எழுத அனுமதித்துவிட்டார்கள். ராத்தாவுக்கோ நீளம் ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. "எழுத நேரம் போகுதுதான். ஆனா வேலைய விட்டுப் போன ஒருத்தர் மூணு வருஷத்துக்கு முந்தி எழுதினத நான் வாசிக்கணுமே. ஒவ்வொரு மாறியும் எண்ணா எழுத்தா என்று அங்கேயே எழுதியிருக்கிறதால விளங்குது" என்றார். ஒரு நிரல் எழுதப்படுவதைவிட அதிக தடவை வாசிக்கப்படுகிறது என்பது பாடப் பயிற்சி செய்யும் எங்களுக்குப் புலப்படாத விடயம்.

இரண்டாவது முறைப்பாடு 'நல்' என்னும் வெறுமை. எங்கள் நூலகத்துக்கு ஒரு நிரல் எழுதுகிறோம் என்று வையுங்கள். புத்தகத்தை இரவல் எடுத்தவரின் தொலைபேசி எண்ணைக் கேட்கிறோம். ஆனால் அந்தப் புத்தகத்தை யாருமே எடுக்கவில்லை. இல்லாத ஒருவரிடம் எண் கேட்டதால் நிரல் அப்படியே நின்றுவிடும். 'நல் பொயின்டர் எக்செப்ஷன்' என்னும் இந்த வழுவைக் காணாத ஜாவா நிரலாளர் இல்லையாம். 1965இல் ஒரு மொழிக்கு இந்த வெறுமையைக் கொண்டுவந்த டோனி ஹோர், 2009இல் அதைத் தன் நூறு கோடி டொலர் தவறு என்று பகிரங்கமாகச் சொன்னார். நீண்ட காலம் ஜாவா வழு நடந்த வரியை மட்டுமே காட்டியது; அந்த வரியில் வெறுமையாக இருந்தது எது என்று சொல்லவில்லை. 2020இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்துதான் அதையும் சொல்கிறது. "அதுக்கு முந்தி எத்தன இரவு!" என்று ராத்தா பெருமூச்சு விட்டார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது நடுவில் திறந்து, முன்னா பின்னா என்று பார்த்து, பாதி பாதியாகக் குறைப்போம். இதுதான் இருகூறாக்கித் தேடும் முறை. நடுவைக் கண்டுபிடிக்கத் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் கூட்டி 2ஆல் வகுப்பார்கள். இதில் பிழை வர என்ன இருக்கிறது? ஆனால் ஜாவாவின் சாதாரண முழுவெண்ணுக்கு 32 பிட்டுகள்தான். ஆகக்கூடிய பெறுமதி 2,147,483,647. 150 கோடியையும் 150 கோடியையும் கூட்டினால் 300 கோடி வராது, −1,294,967,296 வரும். இரண்டின் நிரப்பி படித்தவர்கள் கையால் செய்து பார்க்கலாம். ஜாவா எச்சரிக்கவும் மாட்டாது. ஜாவாவோடு வரும் நூலகத்திலேயே இந்த வழு சுமார் ஒன்பது வருடம் ஒளிந்திருந்தது. அந்தத் தேடல் நிரலை எழுதிய ஜோசுவா புளொக்கே 2006இல் அதை வெளிப்படையாக எழுதினார். திருத்தம் சின்னது: கூட்டாமல், வித்தியாசத்தின் பாதியைத் தொடக்கத்தோடு சேர்ப்பது. பைதனில் முழுவெண் தேவைக்கேற்ப வளர்வதால் எங்களுக்கு இந்தப் பள்ளம் தெரிவதில்லை. கணிதம் நன்றாக வரும் பிள்ளைக்குத்தான் நிரலாக்கம் என்று சொல்வார்கள். எனக்கென்னவோ, சரி என்று எல்லோரும் நம்புவதை மறுபடி சோதிக்கும் பிள்ளைக்குத்தான் அது பொருந்தும் என்று படுகிறது.

தமிழ் படிக்கும் நமக்கு இன்னொரு சங்கதி. 'மாத்தளை' என்பதில் எத்தனை எழுத்து? நான்கு. ஜாவாவிடம் நீளத்தைக் கேட்டால் ஏழு என்கிறது. மகரம், அதன் துணைக்கால், தகரம், புள்ளி, தகரம், ளகரம், ஐகாரக் குறி என ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. யூனிகோட் தமிழை அப்படித்தான் சேமிக்கிறது. பைதனும் ஏழு என்றே சொல்கிறது. ராத்தாவின் முதல் வேலையில், பொதிகளில் ஒட்டும் சீட்டுக்காக ஊர்ப் பெயரை ஆறு எழுத்தோடு வெட்டும்படி யாரோ எழுதியிருந்தார்களாம். ஆங்கிலத்தில் சோதித்தபோது பிழை தெரியவில்லை. தமிழில் அச்சானபோது நம் ஊர் 'மாத்தள' ஆகிவிட்டது! எழுத்துகளைச் சரியாகப் பிரிக்கும் கருவி ஜாவாவிலேயே உண்டு. தமிழ் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் அதைப் பயன்படுத்தியிருப்பார்கள். அப்படி இருக்கப்போகும் ஒருவர் நம்மில் ஒருத்தியாக ஏன் இருக்கக் கூடாது?

ஜாவாவில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இணையத்தில் ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேச உதவும் அப்பாச்சி அக்சிஸ்2 என்னும் திறந்த மூல மென்பொருள் ஜாவாவில் எழுதப்பட்டது. அதில் இலங்கை நிரலாளர்களின் உழைப்பு பெரிது. அவர்களில் ஒருவரான சஞ்சீவ வீரவரண, போல் ஃபிரீமன்டிலுடன் சேர்ந்து 2005இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தைத் தொடங்கினார். கொழும்பில் எழுதப்பட்ட அதன் ஜாவா மென்பொருளை ஈபே போன்ற பெரிய நிறுவனங்களும் பயன்படுத்தின.

அதே நிறுவனத்தார்தான் பின்பு, சேவைகளை இணைக்கும் வேலைக்கு ஏற்கெனவே உள்ள வழிகள் சுற்றுவழியாக இருக்கின்றன என்று, பலரீனா என்னும் புதிய மொழியை உருவாக்கினார்கள். அதன் முதலாம் பதிப்பு 2019 செப்டெம்பரில் வந்தது. அதில் ஒரு மாறி வெறுமையாக இருக்கலாம் என்றால் அதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஜாவாக்காரர்களின் பழைய காயத்துக்கு இது மருந்து. ஆனால் பலரீனா நிரலும் தொகுக்கப்பட்டதும் பைட்கோட் ஆகி, ஜாவா மெய்நிகர் பொறியின் மேல்தான் ஓடுகிறது.

இதை வாப்பாவுக்கு விளக்கியபோது, "அப்ப, வீடு மாத்தினாலும் அத்திவாரம் அதேதான்" என்றார். முழுக்க ஒப்புக்கொண்டாரா தெரியவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் எந்தப் பாடநெறியை முதலில் போடலாம் என்று இப்போது அவரும் என்னோடு உட்கார்ந்து கையேட்டைப் புரட்டுகிறார். அடுத்த விடுமுறைக்கு ராத்தா ஒரு வேலை தந்திருக்கிறார்: பெண் பிள்ளைகளின் நூறு பெயர்களைத் தமிழ் அகர வரிசையில் அடுக்கும் ஜாவா நிரல். 'ஷ'வும் 'ஹ'வும் எங்கே வர வேண்டும் என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை.