கதிர் பொறுக்க வந்த ரூத்

புனேயிலிருந்து சென்னைக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? தவுண்டு வருவதற்கு முன் கேட்காவ் என்று ஒரு சிறிய நிலையம் வரும். பெரிய ரயில்கள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. நாமும் ஊரைப் பார்க்காமலே தாண்டிப் போய்விடுகிறோம்.

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரில் ஓர் அச்சகம் இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் பெண்கள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரி வரியாகக் கோத்தார்கள். பஞ்சத்தில் தப்பிய பெண்களும் இளம் விதவைகளும் அந்த ஊரில் தங்கியிருந்தார்கள். அவர்கள் அச்சடித்தது மராத்தி பைபிள். அதை மொழிபெயர்த்தவர் பண்டித ரமாபாய்.

ரமாபாய் 1858-இல் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சமஸ்கிருதம் கற்றவர். பெண்கள் அதைப் படிக்கக் கூடாது என்று சொன்ன காலம் அது. தந்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனைவிக்குக் கற்றுக் கொடுத்தார். அந்தத் தாய் மகளுக்குக் கற்றுக் கொடுத்தார்.

உயர்ந்த குலம் என்றால் பசி விட்டுவிடுமா? 1870களில் வந்த பஞ்சத்தில் தந்தை, தாய், அக்காள் மூவரும் இறந்தார்கள். ரமாபாயும் அண்ணனும் ஊர் ஊராக நடந்தார்கள். 1878-இல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அறிஞர்கள் ரமாபாயின் படிப்பைக் கண்டு வியந்து, 'பண்டிதை', 'சரஸ்வதி' என்று பட்டம் கொடுத்தார்கள். 1880-இல் வேறு சாதியைச் சேர்ந்த ஒரு வங்காள வக்கீலை மணந்தார். தாழ்ந்த சாதி என்று அன்று பிராமணர்கள் கருதிய சாதி அது. இரண்டு ஆண்டு முடிவதற்குள் கணவர் இறந்துவிட்டார். கையில் பெண் குழந்தை.

1883-இல் இங்கிலாந்தில் அவர் கிறிஸ்தவர் ஆனார். விதவைகளுக்காக அவர் பம்பாயில் தொடங்கிய பள்ளி 1890-இல் புனேக்கு வந்தது. 1893-இல் அவர் மதம் மாற்றுகிறார் என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. பலர் தங்கள் வீட்டுப் பெண்களை அழைத்துப் போய்விட்டார்கள். சரஸ்வதி என்று புகழ்ந்த உலகம் அவரை ஏசியது. ஊர் தரும் பெருமை அவ்வளவுதான். அவர் வேலையை நிறுத்தவில்லை. 1896-97 பஞ்சத்தில் மத்திய இந்தியாவுக்குப் போய், அநாதைச் சிறுமிகளையும் பெண்களையும் அழைத்து வந்தார். கேட்காவில் அவர்களுக்கு இடம் கொடுத்தார். அந்த இடத்துக்குப் பெயர் முக்தி. பல சாதிப் பெண்களும் அங்கே படித்தார்கள், நெய்தார்கள், அச்சுக் கோத்தார்கள்.

பைபிளில் ரூத் என்ற பெண்ணின் கதை உண்டு. எந்த மதத்தாருக்கும் புரியும் கதை அது.

பெத்லகேமில் பஞ்சம். நகோமி என்பவள் கணவனோடும் இரண்டு மகன்களோடும் மோவாப் நாட்டுக்குப் பிழைக்கப் போனாள். மகன்கள் அந்த நாட்டுப் பெண்களை மணந்தார்கள். பிறகு மூன்று ஆண்களும் இறந்துபோனார்கள். நகோமி சொந்த ஊருக்குத் திரும்பினாள். "நீங்கள் உங்கள் தாய் வீட்டுக்குப் போங்கள்" என்று மருமகள்களிடம் சொன்னாள். ஒருத்தி அழுதுகொண்டே போனாள். ரூத் போகவில்லை. மாமியாரோடு முன்பின் தெரியாத ஊருக்கு நடந்தாள்.

அது வாற்கோதுமை அறுவடைக் காலம். அறுக்கும்போது சிந்தும் கதிரை ஏழைகளுக்கும் அயலாருக்கும் விட்டுவிட வேண்டும் என்பது அந்த மக்களின் சட்டம். நம் ஊர்ப் பெண்களுக்குக் கதிர் பொறுக்குவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. குனிந்த முதுகு நிமிராது. ரூத்தும் அப்படித்தான் பொறுக்கினாள்.

நிலத்துக்காரர் போவாஸ் வந்தார். "இந்தப் பெண் யார்?" என்று கேட்டார். மேற்பார்வை பார்த்தவன் முதலில் சொன்னது அவள் மோவாப் நாட்டுக்காரி என்பதைத்தான். வேலை பார்த்ததை அப்புறம்தான் சொன்னான். ஆனால் போவாஸ் ரூத்திடம் பேசியது வேறு. கணவன் இறந்த பிறகும் மாமியாரை அவள் எப்படிக் காப்பாற்றினாள் என்று தான் கேள்விப்பட்டதைச் சொன்னார். வறுத்த தானியம் கொடுத்தார். அவள் தின்றது போக மீதியை மாமியாருக்கு எடுத்து வைத்தாள். பின்னால் அவரே அவளை மணந்தார். நல்ல குணமுள்ளவள் என்று ஊரே அறியும் என்றார்.

இத்தனைக்கும் மோவாபியரைப் பத்துத் தலைமுறைக்குச் சபையில் சேர்க்கக் கூடாது என்று பைபிளின் இன்னொரு பகுதியில் இருக்கிறது. அந்த மோவாபியப் பெண்ணின் பேரன் ஈசாய். ஈசாயின் மகன் தாவீது, நாட்டுக்கு அரசன் ஆனான். தாவீதைத் தேர்ந்தெடுத்த கதையும் இப்படித்தான். உயரமும் அழகும் உள்ள அண்ணன்மாரை விட்டு, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கடைசித் தம்பியை அழைத்து வந்தார்கள். கடவுள் முகத்தைப் பார்ப்பதில்லை, உள்ளத்தைப் பார்க்கிறார் என்பது அந்தக் கதை சொல்லும் காரணம்.

நாமும் புனேக்குப் பிழைக்க வந்தவர்கள்தான். வாடகை வீடு கேட்டுப் போனால், "எந்த ஊர்? என்ன ஆளுங்க?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தமிழர்களே தமிழர்களிடம் கேட்கிறார்கள். மேற்பார்வை பார்த்தவனின் பேச்சு இன்னும் நம் வாயில் இருக்கிறது.

ரமாபாய் மூல மொழிகளான எபிரேயமும் கிரேக்கமும் கற்றுக்கொண்டு மொழிபெயர்த்தார். 1922 ஏப்ரல் 5-ஆம் தேதி இறந்தார். முழுப் புத்தகமும் 1924-இல் வெளிவந்தது.

பேசுவோம், எழுதுவோம்: புது ஊரில் உங்களை முதலில் நம்பியவர் யார்? உங்களிடம் எதைப் பார்த்து நம்பினார்? ஐந்து வரியில் எழுதுங்கள். எழுதியதை வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.