ஜப்பானின் 'நூறு' துப்பாக்கி

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் என்றாலே ஹிரோஷிமா, நாகசாகிதான் ஞாபகம் வரும். நான் அந்தப் போரில் ஜப்பான் படை வைத்திருந்த ஒரு சின்ன இயந்திரத் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேன். "உனக்கு எதுக்கு துப்பாக்கி? கோலம் பத்தி எழுது" என்று எங்க வகுப்புப் பையன்கள் கிண்டல் செய்தார்கள். ஆனால் அதன் பெயர் ஏன் 'டைப் 100' என்று கேட்டதற்கு ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை!

அது நூறாவது துப்பாக்கி இல்லை. திருவள்ளுவர் ஆண்டுக்கு நாம் 31 கூட்டுகிறோம் அல்லவா? ஜப்பானியர்கள் தங்கள் முதல் பேரரசரிலிருந்து எண்ணும் ஆண்டுக்கு 660 கூட்ட வேண்டும். 1940 + 660 = 2600. முந்தின வருஷம் 2599-ல் வந்த துப்பாக்கி 'டைப் 99'. அடுத்து 00 வந்துவிட்டதே, என்ன செய்வது? தரைப்படை '100' என்று வைத்தது. கடற்படை வெறும் '0' என்று வைத்தது. பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய 'ஜீரோ' விமானத்துக்குப் பெயர் வந்தது இப்படித்தான். நூறும் பூஜ்ஜியமும் ஒரே வருஷம்!

இதைச் செய்தது கிஜிரோ நம்பு என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய கம்பெனி. (நம்பு என்பது குடும்பப் பெயர். நம்பினால் நம்புங்கள்.) நீளம் ஏறக்குறைய 90 செ.மீ. 30 தோட்டா பிடிக்கும் மேகசின் வாழைப்பழம் மாதிரி வளைந்து இடதுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். குழல் அடியில் 40 செ.மீ. கத்தியும் மாட்டலாம். சரமாரியாகச் சுடும் துப்பாக்கிக்குக் கத்தி எதற்கு?

அங்கேதான் விஷயம். ஜப்பான் தளபதிகளுக்குக் கத்தி மாட்டிய நீளத் துப்பாக்கியும் வீரனின் துணிச்சலும்தான் பெரிசு. படபடவென்று சுட்டால் தோட்டா வீண் என்று நினைத்தார்கள். ஜெர்மனி இப்படிப்பட்ட துப்பாக்கியை 1918-லேயே போரில் இறக்கிவிட்டது. ஜப்பானின் சொந்தத் துப்பாக்கி வர 22 வருஷம் ஆனது. வந்ததும் கொஞ்சம்தான். இங்கிலாந்து 'ஸ்டென்' துப்பாக்கியைச் சுமார் 40 லட்சம் செய்தது. டைப் 100 மொத்தமே 30,000-க்குள்தான்.

1942 பிப்ரவரி 14 அன்று சுமத்ராவில் பலெம்பாங் என்ற ஊரில், எண்ணெய் ஆலைகளையும் விமானத் தளத்தையும் பிடிக்க ஜப்பான் வீரர்கள் பாராசூட்டில் குதித்தார்கள். பெரிய ஆயுதங்களைத் தனிப் பெட்டிகளில் போட்டார்கள். பெட்டிகள் காட்டிலும் சேற்றிலும் விழுந்து பலருக்குக் கிடைக்கவே இல்லை. கைத்துப்பாக்கியும் கையெறி குண்டும் மட்டும் வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். ஊரைப் பிடித்துவிட்டார்கள், ஆனால் நிறையப் பேர் செத்தார்கள். அவர்கள் நம்ம பிளஸ் டூ அண்ணன்களைவிடச் சில வயசுதான் பெரியவர்களாக இருந்திருப்பார்கள். பாராசூட் வீரர்களுக்கென்றே டைப் 100-ல் பின்கட்டை மடங்கும் வகை ஒன்றும் செய்தார்கள்.

1944-ல் அவசர அவசரமாக மாற்றி அமைத்தார்கள். வேலைப்பாடு கரடுமுரடு. ஆனால் வேகம் நிமிடத்துக்கு 450 தோட்டாவிலிருந்து 800 ஆனது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழையதில் 30 தோட்டா தீர 4 விநாடி. புதியதில் இரண்டேகால் விநாடி! தோட்டா வீணாகும் என்று தயங்கியவர்கள் இந்த வேகத்துக்கு வந்தபோது, அமெரிக்க நீர்மூழ்கிகள் ஜப்பானுக்கு வந்த சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. இரும்புக்கும் எண்ணெய்க்கும் தட்டுப்பாடு. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. மிச்சமிருக்கும் சில டைப் 100 துப்பாக்கிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

— 9-ஆம் வகுப்பு மாணவி