காவற்கூலியும் கப்பமும்

வாளால் தடுக்கவியலாப் பகைவனைப் பொருள் கொடுத்து விலக்குதல் வரலாற்றில் அரிதன்று. 991ஆம் ஆண்டு மால்டன் போரில் தோற்ற ஆங்கிலேயர், கடல்வழி வந்து கொள்ளையிட்ட வைக்கிங் படையினர்க்கு 10,000 பவுண்டு வெள்ளி தந்தனர். வாங்கியவர் மீண்டும் வந்தனர். 1012இல் தொகை 48,000 ஆயிற்று. இதற்கென நிலத்தின்மீது விதித்த வரி பின்னாளில் ‘டேன்கெல்டு’ எனப்பட்டது. கொள்ளையர் வரவு நின்ற பின்னும், 1162 வரை மன்னர்கள் அதனைத் தண்டியுள்ளனர்.

நம் திண்டுக்கல் வட்டாரத்தில் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது காவற்கூலி. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்னும் வரி பயில்கிறது. பாளையக்காரர் காலத்தில் அது தேசகாவல், தலக்காவல் என விரிந்தது. ஊரார் விளைச்சலில் பங்களிப்பர். களவு போயின் காவற்காரர் மீட்டுத் தரவேண்டும், இன்றேல் ஈடு தரவேண்டும். இஃது உடன்படிக்கையேயன்றிக் கப்பமன்று. பழங்காவல் முழுவதையும் கொள்ளையென எழுதிவைத்த ஆங்கில அலுவலர் கூற்றை அப்படியே ஏற்றல் தகாது.

1816இல் கும்பினி அரசு ஊர்க்காவலைக் கிராமத் தலைவரிடமும் தலையாரியிடமும் ஒப்படைத்தது. காவற்காரரின் பழைய உரிமை சட்டத்தில் மறைந்தது. கூலி மட்டும் வழக்கில் எஞ்சிற்று. பிணக்கம் இங்கேதான் தொடங்குகிறது. கூலி கொடாத ஊரில் மாடு காணாமற் போகும். ‘துப்புக்கூலி’ கொடுத்தால் குறித்த இடத்தில் அது கட்டிக் கிடக்கும்!

1896இல் திண்டுக்கல் வட்டத்தில் அம்மையப்பக் கோன் முன்னிற்க, உழவர்கள் கூலி தர மறுத்தனர். அப்பணத்தைப் பொதுவில் திரட்டினர். அதற்குப் ‘பண்டு’ என்று பெயர். ஆங்கிலச் சொல்தான், ஆயினும் நாட்டுப்புறத்தார் நாவில் தமிழாகவே புழங்கிற்று. மாட்டைப் பறிகொடுத்தவர்க்கு அதிலிருந்து ஈடு. புதிய காவலர்க்கும் அதிலிருந்தே ஊதியம். ஊர்களில் கொம்பு வைத்திருந்தனர்; அது ஒலித்தால் ஆடவரெல்லாம் திரண்டு வரவேண்டும். கப்பத்துக்குச் செலவிடுவதைத் தற்காப்புக்குச் செலவிட்ட இம்முறை மெச்சத்தக்கதே.

ஆயினும் பண்டு அம்மட்டில் நிற்கவில்லை. காவற்காரர் இனத்தவர் என்ற ஒரே காரணத்தால் கள்ளர் குடிகள் பல ஊர்களிலிருந்து விரட்டப்பட்டன, வீடுகள் எரிக்கப்பட்டன. இதனை மறைத்துப் பண்டைப் புகழ்தல் நேர்மையாகாது. 1914 தொடங்கிக் குற்றப்பரம்பரைச் சட்டமும் பிறமலைக் கள்ளர்மீது படிப்படியாகப் பாய்ந்தது. கூலி வாங்கியவர் சிலர். கைரேகை வைக்க நின்றவரோ ஊர் ஊராக ஆடவர் அனைவரும். அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீக்கப்பெற்றது.